படுவான்கரை ஊரொன்றில் கூத்து திரும்பி வந்த விதம்: மூன்று முயற்சிகளின் பதிவு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு வெள்ளாமை ஊர். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் இதில் வரும் சில மனக்கசப்புகள் இன்னும் முழுதாக ஆறவில்லை. நான் அந்த ஊரில் பிறந்தவன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன், நின்றுபோன கூத்தைத் திரும்ப ஆட எடுத்த மூன்று முயற்சியிலும் ஒழுங்கு செய்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. வேறு ஊர்க்காரர் சிலர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், பிழைவிட்ட இடங்களையும் சேர்த்து.

ஊரும் கூத்தும்

எங்கள் பக்கத்துக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு ஆட்டமுறை உண்டு. எங்கள் ஊர் வடமோடி ஊர். பாரதப் போர்க் கதைகள்தான் அதிகம், அதிலும் கர்ணன் போர் எங்கள் ஊருக்கென்றே எழுதியது போலப் பெரியவர்கள் பேசுவார்கள். கட்டணம் வாங்கி ஆடுகிற குழு கிடையாது. வயல் செய்கிறவர், மேசன் வேலைக்குப் போகிறவர், கடை வைத்திருப்பவர் என்று ஊர் ஆட்களே மாதக்கணக்கில் பழகி, ஒரு இரவு முழுக்க ஆடுவார்கள்.

அதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது, வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். முதலில் என்ன கூத்து என்று ஊர் கூடித் தீர்மானிக்கும். பிறகு சட்டம் கொடுத்தல், அதாவது யாருக்கு என்ன பாத்திரம் என்று பார்த்து அவரவர் பாட்டைக் கையில் கொடுப்பது. பிறகு பல மாதம் இரவில் பழகுவது. ஆட்டம் காலில் ஏறிய பிறகு சதங்கை அணிதல், அதன் பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது முழுக் கூத்தையும் வரிசையாக ஆடிப் பார்ப்பது, கடைசியாக அரங்கேற்றம். அது முடிந்தாலும் முடியாது, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள், வீட்டுக்காரர் நெல்லோ காசோ கொடுப்பார்கள். இவ்வளவுக்கும் நடுவில் நிற்பவர் அண்ணாவியார். மத்தளம் அவர் கையில், பாட்டு அவர் நாக்கில், யார் எந்த இடத்தில் கால் பிசகினார் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

ஆடுகிற இடம் வட்டக்களரி. சனம் சுற்றிவர இருக்கும். கூத்தருக்கு முதுகு காட்டக்கூடாத பக்கம் என்று ஒன்றில்லை, எல்லாப் பக்கமும் முகம்தான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் பிறகு வரும்.

எப்படி நின்றது

ஒரே நாளில் நிற்கவில்லை. 1978 நவம்பர் சூறாவளியில் உடுப்புப் பெட்டி போனது என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் அதற்குப் பிறகும் ஆடினார்கள், புதிதாகச் செய்தார்கள். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது இரவில் பத்துப் பேர் ஒரு இடத்தில் கூடுவதே ஆபத்தாகிவிட்டது. கூத்து இரவில் பழகுகிற கலை. பகலில் எல்லோருக்கும் வேலை. ஆக ஆடக்கூடாது என்று யாரும் தடைபோடத் தேவையிருக்கவில்லை, இரவு போனதும் கூத்தும் போனது. 2007 பங்குனியில் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது கூத்துப் பாட்டு எழுதியிருந்த இரண்டு கொப்பிகளில் ஒன்று வீட்டோடு எரிந்தது. மற்றது அண்ணாவியாரின் மகள் ஒருத்தி எடுத்துச் சென்ற சாமான் பையில் இருந்ததால் தப்பியது, முன்னும் பின்னும் சில தாள் இல்லாமல்.

முதல் முயற்சி: நாற்பத்தைந்து நிமிடம்

2009இல் யுத்தம் முடிந்து சில வருடம் கழித்து ஒரு நிறுவனம் எங்களிடம் வந்தது. மத்தளம் வாங்கவும் உடுப்புத் தைக்கவும் காசு தருவதாகச் சொன்னார்கள். நிபந்தனை இரண்டு: நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும், நகரத்து மண்டபத்தில் மேடையில் ஆட வேண்டும். நாங்கள் உடனே ஒத்துக்கொண்டோம். காசு மட்டும் காரணமில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் இதே கர்ணன் போரைச் சுருக்கி மாணவர்களைக் கொண்டு மேடையேற்றியதும், பிறகு நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்று வந்ததும் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று ஒதுக்கி வைத்ததை நகரத்துச் சனம் எழுந்து நின்று பார்க்க வைத்த வேலை அது. நாங்களும் அதையே செய்கிறோம் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமையில் பழகினோம். அண்ணாவியாரின் பாட்டைப் போனில் பதிந்து பொடியன்களுக்கு அனுப்பினோம், அவர்கள் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்தார்கள். கர்ணனிடம் குந்தி வருகிற இடம், சல்லியனோடு வாக்குவாதம் எல்லாம் வெட்டி, சண்டையை வைத்தோம். மேடையில் நன்றாகவே போனது, கைதட்டினார்கள், சான்றிதழ் தந்தார்கள்.

பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த வருடம் யாரும் பழகக் கேட்கவில்லை. வாங்கிய மத்தளம் பள்ளிக்கூட அலுமாரிக்கு மேல் கிடந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு ஆட்டம் நடந்ததே தெரியாது.

அதற்குப் பிறகு கவனித்தவை

ஏன் இப்படி ஆனது என்று இரண்டு மூன்று வருடம் யோசித்தேன், ஆட்களோடு பேசினேன்.

நகரத்துக்கு வந்து பார்த்த பழைய கூத்தர் ஒருவர் சொன்னது: "சண்டை இருந்திச்சு, ஏன் சண்டை பிடிக்கிறாங்க எண்டுதான் தெரியல்ல." மேடையில் பொடியன்கள் முன்பக்கம் மட்டும் பார்த்து ஆடியதால் எட்டுப் போடுகிற இடம், வீசாணம் என்கிற ஆட்டம் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது என்றும் சொன்னார். வட்டத்துக்காகச் செய்த ஆட்டத்தை நேர்கோட்டில் நிறுத்தினால் கால் எங்கே போகும்?

இன்னொன்றுதான் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. கொப்பியில் விடுபட்ட தாள்களை நிரப்ப அண்ணாவியாரைக் கதிரையில் இருத்தி, போனை முன்னால் வைத்து, சொல்லுங்கள் என்றேன். இரண்டு அடி வந்தது, மூன்றாவது வரவில்லை. முதலில் இருந்து தொடங்கினார், அதே இடத்தில் நின்றார். வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நான் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அவர் எழுந்து, "இருந்து சொன்னா வராது மகன், மத்தளத்தக் கொண்டா" என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போய் அலுமாரிக்கு மேல் இருந்ததை எடுத்து வந்தேன். இடுப்பில் கட்டி நாலு தட்டுத் தட்டியதும் அந்தத் தரு, அதாவது ஆட்டத்தோடு பாடுகிற பாட்டு, முழுக்க வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது, கொப்பியிலேயே இல்லாத ஒரு விருத்தமும் வந்தது. பாட்டு அவர் கையில் இருந்திருக்கிறது. நாங்கள் வாயைப் பதிந்துகொண்டு போயிருக்கிறோம்.

பேராதனையில் நடந்ததைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுக்கக்கூடாது. அங்கே அண்ணாவியாரையே அழைத்துப் பழக்கினார்கள், பல்கலைக்கழக மேடைக்கும் அந்தப் பார்வையாளருக்கும் ஏற்றதாகச் செய்தார்கள், அந்த நோக்கத்துக்கு அது சரி. எங்கள் பிழை, அந்த வேலையின் கடைசி வடிவத்தை மட்டும் எடுத்து, பழகுகிற மாதங்களைத் தூக்கி எறிந்தது. ஊரில் நின்றுபோனது அரங்கேற்றம் என்று நினைத்தோம். உண்மையில் நின்றுபோனது பழகல். மாலையில் மத்தளச் சத்தம் கேட்டு ஆட்கள் வந்து வேலியோரம் நிற்பது, சின்னப் பிள்ளைகள் பின்னால் நின்று கால் வைத்துப் பார்ப்பது, பிழைவிட்டவனைப் பார்த்துக் கிழவி ஒருத்தி சத்தம் போடுவது, இதெல்லாம்தான் அடுத்த கூத்தரை உண்டாக்கியது.

இரண்டாம் முயற்சி: எடுத்த முடிவுகள்

2019 கடைசியில் ஊர்க் கூட்டம் வைத்தோம். இந்த முறை முழு இரவுக் கூத்து, வெளிக்காசு இல்லை, பெரும்போக நெல் வெட்டு முடிந்ததும் தொடங்குவது என்று தீர்மானம். இவ்வளவும் சுலபம். மூன்று விசயத்தில்தான் வாக்குவாதம் வந்தது.

ஒன்று, யாருக்கு என்ன பாத்திரம் என்பது. முன்பு கிருஷ்ணன், கர்ணன், அருச்சுனன் மாதிரிப் பெரிய வேசங்கள் சில குடும்பங்களுக்கே போகும், வேறு சிலருக்குக் கட்டியக்காரனும் ஏவலாளும்தான், இன்னும் சிலர் களரிக்குள்ளேயே வரமாட்டார்கள். 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் என்ற பெயருள்ள குழுவினரும் அந்த ஊர் மக்களோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் இதே கேள்விகளை எழுப்பியது, அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எங்கள் கூட்டத்திலும் இருந்தார்கள். அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சிலரும், மரபில் கைவைக்கக் கூடாது என்று சிலரும் நின்றார்கள். கடைசியில் அண்ணாவியார் ஒரு வழி சொன்னார்: எல்லோரும் ஒரு கிழமை வந்து ஆடட்டும், குரலையும் காலையும் பார்த்து நான் கொடுக்கிறேன், அதற்குப் பிறகு யாரும் கதைக்கக்கூடாது. அவர் சொன்னால் எதிர்த்துப் பேச ஊரில் ஆள் இல்லை, அதனால் நடந்தது. கர்ணன் ஒரு மேசன் பொடியனுக்குப் போனது. பெரிய குடும்பம் ஒன்று அன்றைக்கே எழுந்து போனது.

இரண்டாவது, இடம். கோயில் வளவில் பழகுவதுதான் வழமை. ஆனால் அங்கே பழகினால் சில வீட்டார் வரத் தயங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் என்றால் அனுமதி, கடிதம், ஆறு மணிக்குப் பூட்டு. யுத்தத்தில் கணவனை இழந்த ஒரு அம்மா, "என்ட வளவு பெரிசு, மாமரத்துக்குக் கீழ பழகுங்க" என்றார். அங்கேயே களரி போட்டோம். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கருக்கு முதலில் பிடிக்கவில்லை. அரங்கேற்றம் கோயில் முன்றலில்தான் நடக்கும் என்று வாக்குக் கொடுத்ததும் சமாதானமானார்.

மூன்றாவது, பெண் பிள்ளைகள். குந்திக்கும், கர்ணனின் மனைவி பொன்னுருவிக்கும் மூன்று பிள்ளைகள் ஆட விரும்பி வந்தார்கள், அதில் ஒருத்தி என் மாணவி. எதிர்ப்பு பெரிதாக வரும் என்று நினைத்தேன், ஆனால் பெண் வேசத்தைப் பெண் ஆடுவதை எதிர்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். தாய்மாரின் கேள்வி வேறு: இரவு பதினொரு மணிக்கு யார் வீட்டுக்குக் கூட்டி வருவது? ஆகவே பழகுகிற நேரத்தை மாலை ஐந்தரை தொடக்கம் எட்டு மணி வரை என்று மாற்றினோம். அதனால் வயலில் இருந்து ஏழு மணிக்கு வருகிற இரண்டு பெரிய ஆட்கள் விலகினார்கள், அதில் ஒருவர் நல்ல குரல்காரர். இந்த முடிவைச் சரியென்றே இன்றும் நினைக்கிறேன், ஆனால் அந்தக் குரல் போனது போனதுதான்.

2020 மாசியில் சட்டம் கொடுத்தோம். மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. அத்தோடு நின்றது.

மூன்றாம் முயற்சி: கரண்ட் இல்லாத மாதங்கள்

இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கூடியபோது நாடே நொந்து போய் இருந்தது. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதால் அந்தப் பெரும்போகம் எங்கள் வயல்வெளியில் மோசமாக விளைந்தது. ஊரில் வழக்கமாகக் கூத்துக்கு நெல்தான் கொடுப்பார்கள், அந்த வருடம் சாப்பாட்டுக்கே கணக்குப் பார்த்தார்கள். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நின்றது. இந்த நிலையில் கூத்து வேண்டுமா என்று கூட்டத்தில் கேட்டார்கள், நானும் தள்ளி வைப்போம் என்றுதான் சொன்னேன். பழகலாம், அரங்கேற்றத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று சொன்னவர் வளவுக்கார அம்மாதான்.

அந்த மாதங்களில் நடந்ததை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. வேலைக்கு நகரத்துக்குப் போகிற பொடியன்கள் பெற்றோல் இல்லாமல் ஊரிலேயே நின்றார்கள். மாலையில் டிவி இல்லை, போனில் சார்ஜ் இல்லை, வீட்டுக்குள் புழுக்கம். மத்தளச் சத்தம் கேட்டதும் சனம் வளவுக்கு வரத் தொடங்கியது. முதல் நாள் பத்துப் பேர், இரண்டாம் கிழமை பாய் கொண்டு வந்தார்கள், அதற்குப் பிறகு தேத்தண்ணி வைக்கிற முறை யாருக்கு என்று தாங்களே பிரித்துக்கொண்டார்கள். சார்ஜ் லைட் ஒன்று, இரண்டு அரிக்கன் லாம்பு, அவ்வளவுதான் வெளிச்சம்.

நான் படித்துத் தெரிந்துகொண்டு தேடிய அந்த வேலியோரச் சனம் இப்படித்தான் வந்தது. முன்பு ஆடிய கிழவர்கள் நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் பிற்பாட்டுக்கு, அதாவது கூத்தருக்குப் பின்னால் சேர்ந்து பாட, நிற்கத் தொடங்கினார்கள். முன்னொரு காலத்தில் குந்தி ஆடியவர் என் மாணவிக்குப் பக்கத்தில் நின்று, மகனை இழந்த தாயின் நடை எப்படியிருக்கும் என்று நடந்து காட்டினார். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் களரிக்கு வெளியே தங்கள் களரி ஒன்று கீறி ஆடினார்கள்.

அண்ணாவியாருக்குக் கை நோவு அதிகம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வாசிக்க முடியாது. சல்லரி என்கிற தாளம் போட்ட இளைஞன் ஒருவன் அவர் ஓய்வெடுக்கும்போது மத்தளத்தைத் தொட்டுப் பார்ப்பான், அவர் கண்டும் காணாதவர் போல இருப்பார். ஒரு நாள் "எடு" என்றார். அதை நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

உடுப்பு விசயத்தில் ஒரு முடிவு எடுத்தோம். வடமோடியில் அரசருக்குக் கரப்புடுப்பு, கோழிக் கரப்பு மாதிரி வட்டமாக விரிந்து நிற்கும், பாரம், செய்யவும் செலவு. புதிதாகச் செய்யக் காசில்லை. அரைகுறையாகப் பளபளப்புச் சேலையில் தைப்பதைவிட பக்கத்து ஊரில் இரவல் வாங்குவது என்று முடிவு. அந்த ஊர் அண்ணாவியார் ஒரு நிபந்தனை வைத்தார், அடுத்த வருடம் தன் ஊர்க் கூத்துக்கு எங்கள் ஆட்கள் பிற்பாட்டுக்கு வர வேண்டும் என்று. காசு கொடுத்து வாங்கியிருந்தால் இந்த உறவு கிடைத்திருக்காது.

அரங்கேற்றம்

2022 ஆவணியில், மழைக்கு முன். எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்த நேரம், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஆகவே ஜெனரேற்றர் நினைத்துப் பார்க்கவே முடியாது. வெளியூரில் இருந்து வர விரும்பிய பலருக்கு வர வழியில்லை, நடந்து வரக்கூடிய ஊர்ச்சனம் மட்டும் வந்தது. கோயில் முன்றலில் மண் போட்டு வட்டக்களரி உயர்த்தி, மேலே வெள்ளைத் துணி கட்டினோம்.

ஒன்பதரைக்குத் தொடங்கி விடியும்வரை போனது. குறைகள் இருந்தன. பனியில் மத்தளத் தோல் இளகி, நெருப்பில் காய்ச்சக் கொண்டுபோய் வர இரண்டு தடவை ஆட்டம் நின்றது. அருச்சுனனுக்கு இரண்டு மணிக்கு மேல் குரல் அடைத்துவிட்டது, பிற்பாட்டுக்காரர்கள் அவனுடைய பாட்டை முழுக்கத் தாங்கிப் பாடினார்கள், அவன் ஆட்டத்தை மட்டும் ஆடினான். பொன்னுருவிக்குத் தெரிவான பிள்ளையைக் கடைசிக் கிழமையில் தகப்பன் மறித்துவிட்டார். அந்த வேசத்தை ஆணே ஆட வேண்டி வந்தது. அந்தப் பிள்ளை களரியோரம் இருந்து எல்லாப் பாட்டையும் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குந்தியாக வந்த என் மாணவி கர்ணனிடம் வரம் கேட்கும் இடத்தில் ஊர் மூச்சு விடாமல் இருந்தது. முதல் முயற்சியில் நாங்கள் வெட்டி எறிந்த இடம் அது.

எழுந்து போன அந்தப் பெரிய குடும்பம் வந்தது. பின்னால் நின்று பார்த்துவிட்டு, கர்ணன் விழுகிற நேரம் முன்னுக்கு வந்து இருந்தார்கள். அவர்கள் வந்ததைப் பற்றி அன்றைக்கும் பிறகும் யாரும் பேசவில்லை.

பிறகு

வீட்டுக்கு வீடு ஆட்டம் இரண்டு கிழமை நடந்தது. கிடைத்த நெல்லை விற்று, வளவுக்கார அம்மாவின் வேலியைத் திருத்தினோம், மத்தளத்துக்கு ஒரு தோல் மாற்றினோம், மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த வருடம் எங்கள் ஆட்கள் ஆறு பேர் பக்கத்து ஊருக்குப் பிற்பாட்டுக்குப் போனார்கள்.

அதற்கு அடுத்த மாரியில் அண்ணாவியார் காலமானார். அவருக்கு நாலு கூத்து முழுக்கத் தெரியும். எங்களிடம் இருப்பது கர்ணன் போர் மட்டும். மற்ற மூன்றுக்கும் கொப்பி கிடையாது. நேரம் இருக்கிறது என்று நினைத்தோம், ஒரு கூத்தை முடித்துவிட்டு அடுத்ததைப் பதியலாம் என்று நான்தான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்காது.

திரும்பச் செய்தால்

கூத்தரைத் தேடுவதற்கு முன் மத்தளத்துக்கு ஆள் தேடுவேன். பாத்திரத்துக்கு ஆள் எப்படியும் கிடைக்கும், அண்ணாவியாருக்குப் பக்கத்தில் இருந்து கை பழகுகிறவன் கிடைக்க வருடங்கள் வேண்டும், எங்களுக்கு ஒருவன் கிடைத்தது எங்கள் கெட்டித்தனத்தால் இல்லை.

பதிவதென்றால் அண்ணாவியார் இடுப்பில் மத்தளத்தோடு நிற்கும்போது பதிய வேண்டும், கை தெரிகிற மாதிரி ஒரு கமரா, கால் தெரிகிற மாதிரி இன்னொன்று. பதிந்ததைப் பொடியன்களுக்கு அனுப்பக்கூடாது, மறக்காமல் இருக்க வைத்திருக்கலாம், பழகுவதற்கு நேரேதான் வர வேண்டும். அவருக்கு மாதாமாதம் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும். மரியாதைக்கு வேட்டி கொடுத்தோம், மருந்துக்குக் கொடுக்கவில்லை.

பெண் பிள்ளைகளின் தாய்மாரோடு மட்டும் பேசினோம், தகப்பன்மாரைப் பழகலுக்கே அழைத்து வந்து இருத்தியிருக்க வேண்டும். மாமரத்துக்குக் கீழே ஒரு மாதம் இருந்து பார்த்திருந்தால் அந்தத் தகப்பன் கடைசிக் கிழமையில் மறித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

நேரத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் விடையில்லை. மாலை என்றால் வயல்காரர் வரமுடியாது, இரவு என்றால் பிள்ளைகள் வரமுடியாது. இப்போது கிழமையில் மூன்று நாள் மாலையும் சனிக்கிழமை மட்டும் இரவும் வைத்துப் பார்க்கிறோம்.

இந்த முறை வெட்டு முடிந்ததும் பக்கத்து ஊர்க் கொப்பியைப் பார்த்து எழுதி, குசலவ நாடகத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கிறோம். மத்தளம் அந்த இளைஞன்தான். சில தருக்களுக்கு அவனுக்குத் தாளம் தெரியாது, பக்கத்து ஊர் அண்ணாவியார் ஞாயிறு தோறும் சைக்கிளில் வந்து சொல்லிக் கொடுக்கிறார். பொன்னுருவி ஆடமுடியாமல் போன பிள்ளைக்குச் சீதை கொடுத்திருக்கிறது. தகப்பன் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் போன சனிக்கிழமை மகளைக் கூட்டிப் போக வந்தவர், பழகல் முடியும்வரை வேலியோரம் நின்றார்.